கான்டெஸாவுக்குப் பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் போடலாமா? கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் தரைக்குப் போனது

பூச்சந்தைக்காரன், மதுரை

வணக்கம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். பொழுது நன்றாகப் புலர்வதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும் தொழில். மிச்சப் பகலை மற்றவர்கள் தூங்கிக் கழிக்கிறார்கள். நான் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டிக் கழிக்கிறேன்.

வண்டி 1992ஆம் ஆண்டு கான்டெஸா. வெள்ளை நிறம், மெரூன் வெல்வெட் இருக்கை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் தாய்மாமாவுடையது. அவர் போன பிறகு அத்தை சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அமெரிக்கர்கள் மஸ்டாங், கமாரோ என்று மசில் கார் பெருமை பேசுவார்கள். நம் பக்கத்தில் அந்த நீள மூக்கும் அகன்ற தோளும் இந்த ஒரு வண்டிக்குத்தான் வாய்த்தது. 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்காரர்கள் செய்தார்கள். உடம்பு இங்கிலாந்து வாக்ஸ்ஹாலிடமிருந்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை மாப்பிள்ளைகள் இதில் ஏறிப் போயிருக்கிறார்கள் என்று மாமா விரல் விட்டு எண்ணுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பினோம். ஐந்து பேர். டிக்கியில் ஒரு மூட்டை கேரட்டும் பத்துக் கிலோ மலைப்பூண்டும். பெருமாள்மலை தாண்டும்போதே ஏதோ தீய்ந்த வாடை. முன்னால் போன லாரியுடையது என்று நினைத்துக்கொண்டேன். லாரி ஒதுங்கி வழிவிட்ட பிறகும் வாடை எங்களோடுதான் வந்தது.

டம் டம் பாறைக்கு இரண்டு வளைவு மேலே பெடல் போய்விட்டது. படக்கென்று அறுந்து விழவில்லை. ஈரச் சாக்கு மூட்டையை மிதிப்பதுபோல மெத்தென்று தரைவரை இறங்கியது. விட்டு விட்டு மிதித்ததில் நான்காவது மிதிக்குக் கொஞ்சம் பிடிப்புக் கிடைத்தது. இரண்டாம் கியருக்கு இழுத்து, கைபிரேக்கையும் ஏற்றி, மலைப்பக்கத்து ஓடையோரமாக உரசி நிறுத்தினேன். சக்கரத்துக்கு என் மனைவிதான் கல் எடுத்து வைத்தார். அக்கா மகன் இரண்டு பாட்டில் தண்ணீரை முன்சக்கரங்களில் ஊற்றினான். சுர்ரென்று ஆவி எழுந்தது. முக்கால் மணி நேரம் எலிவால் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி மேலே நிற்கிறது! முதல் கியரிலேயே காமக்காபட்டி சோதனைச் சாவடிவரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் இதற்கு நேர்மாறு. கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்துகொண்டு நிற்கும்போது பெடல் கருங்கல். காலை ஊன்றி எழுந்து நிற்காத குறையாக அழுத்தினால்தான் வண்டி நிற்கும். அது போதாதென்று, மலைக்குப் போய்வந்த நாளிலிருந்து நான்குவழிச் சாலையில் எண்பதில் வரும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். முன்சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கைப் பெரிதாக்கி, பின்னால் மூடிய உருளையான டிரம்மைக் கழற்றிவிட்டு அங்கும் டிஸ்க் போட்டுத் தர 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். கேட்ட அன்றே கொடுத்திருப்பேன், ஆடி மாதம் குறுக்கே வந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பூக்காரனிடம் பணம் எது? ஆவணிக்குள் முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். செலவு செய்தால் சரியாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சொல்ல விட்டது ஒன்று. இப்போது ஓடுவது டீசல் என்ஜின். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று மாமா 1998இல் மாற்றிவிட்டார். ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றியிருக்கிறார்.

நான்குவழிப் பறவை, மேலூர்

யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். டிரம் எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு. என் நண்பன் ஒருவன் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டு, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, அலாய் சக்கரத்தின் வழியாக அது தெரிகிற அழகே தனி. மிதித்தால் தொட்ட இடத்தில் நிற்கும்.

பழங்காநத்தம் பட்டறை

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கல்லூரியில் தமிழ் படிக்கிறவள். என் பேச்சைத் திருத்தி எழுதுவாள். காரமாக ஏதாவது இருந்தால் அது என்னுடையது, இலக்கணம் அவளுடையது.

தம்பி, உங்கள் வண்டிக்கு இருப்பது ஒரு நோய் அல்ல, மூன்று. மூன்றும் மூன்று காரணத்தால் வந்தவை. அத்தனைக்கும் ஒரே மருந்தாக டிஸ்க் வாங்கப் பார்க்கிறீர்கள். வாங்கிப் போட்டாலும் மூன்றில் இரண்டு அப்படியே இருக்கும்.

மலையில் பெடல் மெத்தென்று இறங்கியது, ஆறியதும் திரும்பி வந்தது என்கிறீர்கள். அது பிரேக் ஆயில் கொதித்தது. வேறு யோசனையே தேவையில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்து உப்பு மாதிரி. புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம், அதனால் உங்கள் மிதி முழுவதையும் ஆவியே சாப்பிட்டுவிடும். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும். மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனால் எல்லாம் நன்றாக இருக்கும், மெக்கானிக் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். உங்கள் மாமா பிரேக் ஆயில் குறையும்போதெல்லாம் ஊற்றியிருப்பார். மாற்றியிருக்க மாட்டார். ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் டப்பாவைத் திறந்தால் கடுங்காப்பி நிறத்தில் ஆயில் நிற்கிறது.

ஆனால் அவ்வளவு சூடு ஏன் ஏறியது? அதையும் பார்க்க வேண்டும். எந்தச் சக்கரத்திலிருந்து வாடை வந்தது, எந்தச் சக்கர ரிம்மில் பிரேக் தேய்ந்த கரி அதிகம் படிந்திருந்தது என்று நினைவிருக்கிறதா?

சிக்னலில் கல்லாக இருப்பது வேறு கதை. கடைசி வரியில் போகிற போக்கில் "டீசல் என்ஜின்" என்று போட்டீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் மூச்சு இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பிரேக் பூஸ்டர் உங்கள் காலுக்குத் துணை செய்கிறது. டீசல் என்ஜினுக்குக் காற்று போகும் தொண்டையில் மூடி கிடையாது, அதனால் அந்த வெற்றிடமும் கிடையாது. தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் தளர்ந்திருந்தாலோ, பம்ப்புக்கு ஆயில் சரியாகப் போகாவிட்டாலோ, பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது பூஸ்டர் வெறும் தகர டப்பா. வேகமாக ஓடும்போது ஓரளவு சமாளித்துக்கொள்ளும், அதனால் சிக்னலில் மட்டும் கல்லாகத் தெரிகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள், இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை ஓட விடுங்கள். பெடல் தானாக ஒரு விரற்கடை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை என்று பொருள், அல்லது பூஸ்டரே கிழிந்திருக்கிறது.

டீசலுக்கு மாற்றியதில் இன்னொன்றும் உண்டு. இறக்கத்தில் காலை எடுத்தால் பெட்ரோல் என்ஜின் வண்டியை நன்றாகப் பிடித்து இழுக்கும். மூடி இல்லாத டீசலுக்கு அந்த இழுப்புக் குறைவு. மாமா எரிபொருளில் பிடித்த மிச்சத்தைப் பிரேக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது நடுக்கம். அது உங்கள் அக்கா மகன் கைங்கரியமாகத்தான் இருக்கும். காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கோணும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் போதும், ஸ்டியரிங் நடுங்க. டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் மெல்லச் சீவலாம். ஆனால் குறிப்பிட்ட கனத்துக்குக் கீழே போகக் கூடாது. அப்படிப் போகுமென்றால் மாற்றத்தான் வேண்டும். பையனைத் திட்ட வேண்டாம், மலையில் நிற்கிற பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

பூச்சந்தைக்காரன்

ஐயா, படித்துவிட்டு உடனே வீட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பெடல் இறங்கவே இல்லை. என்ஜினைக் கொஞ்சம் முறுக்கிய பிறகுதான், வேண்டா வெறுப்பாக, அரை விரல் இறங்கியது.

கரி அதிகம் இருப்பது முன்பக்கம் இடது சக்கரத்தில். வலது சக்கர ரிம் வெள்ளையாக இருக்கிறது, இடது அடுப்படிச் சுவர் மாதிரி. இத்தனை நாள் அந்தப் பக்கம் சாக்கடைத் தண்ணீர் தெறிப்பதால் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இறக்கத்தில் நான் வந்தது நான்காம் கியரில். மாமா நியூட்ரலிலேயே வருவார். அதைவிட நான் ஒழுக்கம் என்ற நினைப்பு எனக்கு.

பழங்காநத்தம் பட்டறை

ஏறின கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது உங்கள் காதில் விழுந்ததே இல்லையா?

இடது சக்கரம் மட்டும் கரி என்றால் ஹோஸைப் பாருங்கள். முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்கப் புதுமாப்பிள்ளை போல இருக்கும். உள்சுவர் ஊதி வழியை அடைத்திருக்கும். உங்கள் கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வரத் தெம்பு இருக்காது. பேட் டிஸ்க்கை விடாமல் கவ்விக்கொண்டே வரும். மதுரைக்குள் அது தெரியாது. கொடைக்கானல் இறக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஒருவரை உள்ளே உட்கார்த்திப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் இளகினால் ஹோஸ் அல்லது அதற்கு மேலே அடைப்பு. ஆயில் வந்தும் இளகாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை அடியில் நுழைக்கக் கூடாது, ஸ்டாண்டு போடுங்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. டிரம்மில் உரசும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். என்னோடு தொழில் பழகிய இரண்டு பேருக்கு இன்று நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காரணம் இதுதானா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நான் ஊதுவதை விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல், திருமங்கலம்

பட்டறைக்காரர் சொன்னதில் கை வைக்க எனக்கு ஒன்றும் இல்லை. "அவ்வளவு சூடு ஏன்" என்ற கேள்வி மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. கணக்குப் போட்டேன்.

வண்டியும் ஆட்களும் கேரட்டும் சேர்த்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம்வரை 1,700 மீட்டர் இறங்குகிறீர்கள். நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் இரண்டரைக் கோடி ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல் அது. ஆறு குடம் தண்ணீர்! இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். என்ஜின் எவ்வளவு வாங்கும் என்பது நீங்கள் போடும் கியரைப் பொறுத்தது. மிச்சம் முழுவதும் நான்கு உள்ளங்கை அளவு பேட்களுக்கும் பின்னால் இருக்கும் லைனிங்குகளுக்கும் போக வேண்டும். நான்காம் கியரில் வந்து என்ஜினுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. டிஸ்க் போட்டால் குறைந்த தூரத்தில் நிற்குமா? வண்டியைக் கடைசியில் நிறுத்துவது பிரேக் அல்ல, டயர். காய்ந்த காலி மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்கிறதா? தேய்கிறது என்றால் அந்த டயர் தரக்கூடிய பிடிப்பு முழுவதையும் உங்கள் பிரேக் ஏற்கெனவே எட்டிவிட்டது. அதற்கு மேல் எத்தனை டிஸ்க் போட்டாலும் ஒரே ஒரு மிதிக்கு நிற்கும் தூரம் குறையாது. டிஸ்க்கின் பலன் வேறு: அது காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும், திரும்பத் திரும்ப மிதித்தாலும் தாங்கும். அதுவும் முன்சக்கரத்தில்தான் பெரிதாகப் பயன்படும். அழுத்தி மிதிக்கும்போது எடை முன்னால் சாய்ந்துவிடுவதால், இப்படிப்பட்ட வண்டியில் வேலையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு முன்சக்கரங்களுடையது. பின்சக்கரத்துக்கு அளவுக்கு மீறிப் பிடிப்பைக் கொடுத்தால் அது முன்சக்கரத்துக்கு முன்பாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகும். மேலூர்த் தம்பியின் நண்பர் சிவப்பு வண்ணம் அடிக்கும் முன் இதை யோசித்திருப்பார் என்று நம்புகிறேன்.

நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் அறுபதில் வரும் வண்டி மிதித்த பிறகு இருபது மீட்டரில் நிற்கலாம். எண்பதில் வந்தால் முப்பத்தாறு மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தூரம் முக்கால் பங்கு கூடுகிறது. வகுப்பில் இதை முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன்; கேட்டவர்கள் பலரும் இன்று எண்பதில்தான் போகிறார்கள்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. குனிந்து பார்த்துச் சொல்லுங்கள்.

பூச்சந்தைக்காரன்

1911 என்றிருக்கிறது, ஐயா. முதலில் தயாரித்த வருடம் என்று நினைத்து நடுங்கிவிட்டேன். 2011ஆம் ஆண்டின் 19ஆவது வாரம் என்று எடுத்துக்கொள்கிறேன். நடுங்குவதற்கு அதுவும் போதும். தரையில் பதியும் பட்டன் மட்டும் புதிதுபோல இருக்கிறது, மாமா அவ்வளவு கொஞ்சமாகத்தான் ஓட்டினார். நகத்தால் அழுத்தினால் டயர் இறங்கவில்லை. பீங்கான்.

உசிலம்பட்டி டு ஷார்ஜா

ஊர்ப்பெயர்களைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். இங்கே ஒரு பட்டறையில் பத்து வருடமாகப் பழைய அமெரிக்க வண்டிகளோடுதான் என் பிழைப்பு. அண்ணன் மசில் கார் என்று தொடங்கியதால் ஒரு வார்த்தை.

அந்த வண்டிகளை ஓடுவதற்காகச் செய்தார்கள், நிற்பதற்காக அல்ல. 1964 பான்டியாக் ஜிடிஓவில் 6.4 லிட்டர் என்ஜின். நான்கு சக்கரத்திலும் வெறும் ஒன்பதரை அங்குல டிரம். மஸ்டாங்குக்கு 1965இல் முன்பக்க டிஸ்க் உண்டு, ஆனால் தனியாகக் காசு கட்டிக் கேட்டால்தான். 1966வரை பெரும்பாலானவற்றில், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து போகும். 1967 மாடல்களில்தான் இரட்டை அறை வழக்கமானது. இந்த வண்டிகளைக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் செலவு எப்போதும் அந்த இரட்டை அறை மாஸ்டர்தான், டிஸ்க் அதற்குப் பிறகு.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றுவதில் நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். ஒரு 1966 மஸ்டாங். முன்னால் டிஸ்க் போட்டு, பெரியதாக இருந்தால் நல்லது என்று ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டர் மாட்டினேன். முன்பு இருந்தது எட்டில் ஏழு அங்குலம். பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் பரப்பு முப்பது விழுக்காடு கூடிவிடுகிறது. அதே கால் பலத்துக்கு அழுத்தம் கால் பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடுகிறது. பெடல் கொஞ்சம்தான் இறங்கும், உறுதியாக இருப்பதுபோலத் தோன்றும், வண்டி நிற்காது. போதாக்குறைக்கு அந்த என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் பந்தய ரகம். சாதாரண என்ஜின் சும்மா ஓடும்போது பாதரச அளவில் பதினெட்டு அங்குலம் வெற்றிடம் தரும்; இது பத்தைத் தாண்டவில்லை. பூஸ்டர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. உங்கள் கோரிப்பாளையம் கதையேதான், காரணம் மட்டும் வேறு. கடைசியில் மின்சார வேக்கம் பம்ப் ஒன்று வைத்தோம்.

அதோடும் தீரவில்லை. டிரம் பிரேக் குழாயில் எப்போதும் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு அழுத்தத்தை விட்டுவைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் போடும்போது அந்தப் பக்கத்து வால்வை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. பத்துக் கிலோமீட்டரில் இரண்டு முன்சக்கரமும் புகைந்தது. உரிமையாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு டாக்சி பிடித்துப் போனார்.

அதனால் அண்ணா, 1,40,000 கேட்டவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் துளை எவ்வளவு வைப்பீர்கள், பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்த என்ன வால்வு போடுவீர்கள், கைபிரேக்கை எதில் கட்டுவீர்கள். மூன்றாவது கேள்வியிலேயே பலர் பேச்சை மாற்றுவார்கள். டிரம்மில் கைபிரேக் கூடவே வந்துவிடுகிறது. டிஸ்க்கில் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்குள் வரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தகுதிச் சான்றுக்குப் போகும்போது அலுவலர் குனிந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.

பூச்சந்தைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். டிஸ்க் போடவில்லை.

முதலில் இடது சக்கரம். பட்டறைக்காரர் சொன்னபடி தூக்கி, மிதித்து விட்டுச் சுற்றினால் சக்கரம் அசைய மறுத்தது. நிப்பிளைத் திறந்ததும் காப்பிக் கஷாயம் என் சட்டையில் அடித்து, சக்கரம் இளகிவிட்டது. ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே ஒரு வெடிப்பு இல்லை, கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. உள்ளே ரப்பர் அப்பளம்போல உப்பி எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருந்த வழியில் பூக்கட்டும் வாழைநாரைக் கிழித்து நுழைத்துப் பார்த்தேன். பாதி நார்கூடப் போகவில்லை. இதை நம்பித்தான் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஹோஸ் அத்தனையும் புதிது. பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு டாட் 4 போட்டாயிற்று. பின்சக்கரங்களில் லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டர் இரண்டும் கசிந்து லைனிங்கை நனைத்திருந்தன. அவற்றையும் மாற்றி, பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் அடித்துச் செட்டிங் வைத்துக்கொண்டேன். வலது டிஸ்க் லேத்தில் சீவியதோடு சரியாகிவிட்டது. இடது தேறவில்லை. பழைய சாமான் கடை ஏழெட்டு ஏறி இறங்கி, கடைசியில் திண்டுக்கல்லில் ஒருவர் தன் வண்டிக்கென்று எடுத்துவைத்திருந்ததைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். ஆவணியில் அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நூறு முழம் பூ அனுப்பினேன்.

வேக்கம் பம்ப்பில் குற்றமில்லை. பெல்ட் தளர்ந்திருந்தது, பூஸ்டர் குழாயில் பிடிப்பான் இருக்கும் இடத்தில் ஒரு கீறல். இரண்டுக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது கோரிப்பாளையத்தில் ஒற்றைக் காலால், அதுவும் செருப்புக் காலால், நிறுத்துகிறேன்.

டயர் தவிர்த்த மொத்தச் செலவு 17,400. நான்கு டயருக்கு 21,000. டயர் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது; எனக்குத் தெரிவதற்கு முன் பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்கு ஏற்றிப் பார்த்தேன். இந்த முறை நான் மட்டும் தனியாக. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். பின்னால் வந்த இளைஞர்கள் ஒலிப்பானை அழுத்தி அழுத்திச் சலித்துப் போனார்கள். கீழே வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். இடதும் வலதும் ஒரே சூடு. பெடல் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரு குறை மட்டும் மிச்சம். கைபிரேக்கை முழுக்க இழுத்தாலும் மேம்பாலச் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது. ஷூ புதிது, செட்டிங் புதிது. வேறு என்ன?

பழங்காநத்தம் பட்டறை

கேபிள். உறைக்குள் துருப்பிடித்துப் பாதி இழுப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். புது லைனிங் டிரம்மோடு படியவும் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஆகும். அதற்குப் பிறகு ஒரு முறை செட்டிங் பார்க்க வேண்டும். அதுவரை சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

கிழித்த ஹோஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேபிளுக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். பட்டறையில் மூன்று பையன்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், ஹோஸ் வெளியே நன்றாக இருந்தால் உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தால் நல்லது. என் மகள் இடையில் புகுந்து கேட்கிறாள்: வெள்ளிக்கிழமை மல்லிகை கிலோ என்ன விலை போகும்?